வாலிபப் பிள்ளைகளின் உறுப்புச் சுகாதாரம்

உழவிலே ஊறிய நம் கரிசல் நாட்டு விவசாயிக்குக் காளையின் உடற்கூறு நன்றாகத் தெரியும். எந்தக் கன்றைப் பொலிகாளையாக விடுவது, எதனைக் காயடித்து ஏருக்குப் பழக்குவது என்பதைச் சந்தையிலும் மந்தையிலும் கூச்சமின்றிப் பேசுவார். அவருடைய வீட்டிலேயே 13 வயதுப் பிள்ளையொருவன் வளர்ந்து நிற்கிறான். அவன் உடலில் நிகழும் மாறுதல்களைப் பற்றித் தந்தை ஒரு சொல்லும் சொல்வதில்லை, மகனும் கேட்பதில்லை. பெண்பிள்ளைக்காவது தாயும் அத்தையும் பாட்டியும் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆண்பிள்ளைக்கு அந்த உதவியும் இல்லை. சுவரொட்டிகளும் அரைகுறையாய் அறிந்த தோழர்களுமே அவனுக்கு ஆசிரியர்கள் ஆகின்றனர்.

இந்த மௌனத்தினால் விளையும் தீங்கு சிறிதன்று. சிலர் உறுப்பையே இழக்கின்றனர்; பலர் பணத்தையும் மன அமைதியையும் இழக்கின்றனர். விருதுநகர் மாவட்டத்தில், குறிப்பாகச் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில், பட்டாசுத் தொழிலும் பயிர்த் தொழிலும் உடலில் படியவிடும் பொடியையும் நஞ்சையும் சேர்த்து நோக்கினால், இது வீட்டோடு நின்றுவிடும் விஷயமன்று என்பது புலப்படும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதை அறிந்திருப்பது அவசியம்.

உறுப்புகளின் அமைப்பு

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்வோம். பெயர் சொல்லக் கூசும் உறுப்பில் நோய் கண்டால், வைத்தியரிடம் சொல்லவும் நா எழாது.

வெளியே தெரிவன ஆண்குறியும் விதைப்பையும் ஆகும். ஆண்குறியின் முனையை முன்தோல் மூடியிருக்கும். அதன் நடுவே செல்லும் குழாய் சிறுநீருக்கும் விந்துக்கும் பொதுவானது. விதைப்பைக்குள் இரண்டு விதைகள் உள்ளன. ஒன்று மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்து தொங்குவது இயற்கையே. பெரும்பாலோருக்கு இடது விதையே தாழ்ந்திருக்கும். இதைக் கண்டு தமக்கு ஏதோ ஊனம் என்று அஞ்சும் பிள்ளைகள் பலர்.

ஒவ்வொரு விதையின் பின்புறத்திலும் நூலைச் சுருட்டி வைத்தாற்போன்ற நுண்ணிய குழாய் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதை நீட்டினால் ஏறக்குறைய 20 அடி இருக்கும். விதையில் உண்டாகும் விந்தணுக்கள் இச்சுருளில் தங்கி முதிர்கின்றன. அங்கிருந்து விந்துக் குழாய் வயிற்றுக்குள் ஏறுகிறது. ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள் இக்குழாயின் பெயரை அறிவர்; அங்கே துண்டித்துக் கட்டப்படுவது இதுதான். உள்ளே விந்துப் பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் தத்தம் நீரைச் சேர்க்கின்றன. விந்தின் பெரும்பகுதி இந்த நீரே. அணுக்கள் மிகச் சிறு பங்கு. ஓர் அணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது.

இத்தனை முக்கியமான உறுப்பை இயற்கை ஏன் உடலுக்கு வெளியே தொங்கவிட்டது என்று கேட்கலாம். விந்தணு உண்டாவதற்கு உடலின் உட்சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி வரை குறைந்த வெப்பம் வேண்டும். விதைப்பை வெயிலில் தளர்ந்து தாழ்வதும், குளிரில் சுருங்கி உடலோடு ஒட்டுவதும் அந்த வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்வதற்கே. ஆகையால் இறுக்கமான செயற்கை இழை உள்ளாடையைக் காட்டிலும் தளர்ந்த பருத்தி ஆடையே உகந்தது. பட்டாசு ஆலைகளிலும் பருத்தி ஆடையே அணியச் சொல்கிறார்கள். செயற்கை இழைத் துணி உராய்ந்தால் நிலைமின்சாரம் பிறந்து மருந்தில் தீப்பற்றக்கூடும் என்பது அதன் காரணம். உயிரைக் காக்கும் அதே ஆடை தோலையும் காக்கிறது.

பருவ மாறுதல்களும் வீண் அச்சங்களும்

ஆண்பிள்ளைகளுக்குப் பருவ வளர்ச்சி பொதுவாக 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் தொடங்குகிறது. முதலில் விதைகள் பருக்கின்றன. பின்னர் ரோமம் முளைக்கிறது, உயரம் கூடுகிறது, குரல் உடைகிறது. ஒருவன் 11 வயதிலும் அடுத்த வீட்டுப் பிள்ளை 14 வயதிலும் தொடங்கினால் இருவருமே சரியாகத்தான் வளர்கிறார்கள். 14 வயது கடந்தும் எவ்வித மாறுதலும் இல்லையெனில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு இப்பருவத்தில் மார்புக் காம்பின் அடியில் சிறு கட்டி போலத் தடித்து வலிக்கும். அது பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானே மறைந்துவிடும். இதற்காகச் சட்டையைக் கழற்றிக் குளிக்கவும் விளையாடவும் வெட்கப்பட்டு ஒதுங்கும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உறக்கத்தில் விந்து வெளியாவதைச் சொப்பன ஸ்கலிதம் என்பர். இது நோயன்று. குடம் நிரம்பினால் வழிவது போன்றதுதான். ஆயினும் பல துளி இரத்தம் சேர்ந்தே ஒரு துளி விந்தாகிறது என்றும், அது வெளியேறினால் நரம்பு தளரும், நினைவு குன்றும், உடல் இளைக்கும் என்றும் நம் நாட்டில் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை உண்டு. மேலே கூறிய அமைப்பை நோக்கினால், அந்த நீர் சுரப்பிகளில் ஊறுவதே என்பதும், இழந்த இரத்தம் எதுவுமில்லை என்பதும் விளங்கும். இந்த அச்சத்தினாலேயே களைப்பும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் உற்று வரும் இளைஞர்களை ஆராய்ந்து, இந்திய மனநல மருத்துவர் என். என். விக் 1960-ல் அந்நிலைக்குத் தாது நோய்க் குறி என்ற பொருளில் பெயரிட்டார். தாது கெட்டதால் வந்த நோயன்று அது. தாது கெட்டது என்று அஞ்சுவதால் வந்தது. கைப்பழக்கத்தைப் பற்றிய அச்சமும் இவ்வகையைச் சேர்ந்ததே; அதனால் உடல் கெடும் என்பதற்கு மருத்துவ நூல்களில் ஆதாரமில்லை.

இந்த அச்சத்தை முதலாக வைத்து வாணிபம் செய்வோர் உளர். மாதத்தில் இன்ன தேதிகளில் இன்ன ஊர் விடுதியில் தங்குவோம் என்று விளம்பரம் செய்து, லேகியமும் பஸ்பமும் கொடுத்து, நாற்பது நாட்களுக்கான மருந்து என்று ஒரு கூலித் தொழிலாளியின் பல மாத வருமானத்தைக் கறந்துவிடுவர். ஆண்மைக் குறைவு, மேகநோய், விரைவீக்கம் முதலியவற்றுக்கு மருந்து உண்டு என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் வந்து எழுபது ஆண்டுகள் ஆகியும் பேருந்து நிலையச் சுவர்கள் வெறுமையாகவில்லை. பஞ்சாயத்துக்குச் சொந்தமான சுவரில் அத்தகைய விளம்பரத்தைக் கண்டால் அதனை அழிக்க யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆபத்து

இக்கட்டுரையில் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க முடியுமெனில், வாசகர்கள் இப்பகுதியை வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

காளைக்குக் காயடிக்கும்போது கால்நடை மருத்துவர் பர்டிசோ இடுக்கியால் விதைக்கு மேலுள்ள நரம்புக் கயிற்றை நசுக்குகிறார். தோல் கிழிவதில்லை, ஒரு சொட்டு இரத்தமும் சிந்துவதில்லை. ஆயினும் அக்கயிற்றின் வழியே செல்லும் இரத்தம் தடைப்படுவதால் சில வாரங்களில் விதை சூம்பிவிடுகிறது. இதை அறியாத விவசாயி இல்லை.

மனிதனின் விதையும் அதே போன்ற கயிற்றிலேதான் தொங்குகிறது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே விதை தன் உறையில் சரியாகப் பற்றாமல், மணியின் நாக்குப் போல் ஆடிக்கொண்டிருக்கும். அத்தகைய பிள்ளைக்கு ஒரு நாள் அந்தக் கயிறு தானே முறுக்கிக்கொள்கிறது. விளையாடும்போதும் நேரலாம், நள்ளிரவில் உறங்கும்போதும் நேரலாம். 12 முதல் 18 வயது வரையே இது மிகுதி. இரத்தம் நின்றுபோகிறது. ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை அவிழ்த்தால் விதை பெரும்பாலும் பிழைக்கும். நேரம் செல்லச் செல்ல நம்பிக்கை குறையும். ஒரு நாள் கடந்துவிட்டால், பெரும்பாலும் அதை அகற்றுவதைத் தவிர வேறு வழியிருப்பதில்லை.

அறிகுறிகள் இவை: ஒரு பக்க விதையில் திடீரென்று கடும் வலி, வீக்கம், வாந்தி, அந்த விதை மேலேறி நிற்பது போன்ற தோற்றம். வலி அடிவயிற்றுக்கும் பரவும். இங்கேதான் கூச்சம் குறுக்கே வந்து நிற்கிறது. பிள்ளை, வலிக்கும் இடத்தைச் சொல்லாமல், ‘வயிறு வலிக்கிறது’ என்கிறான். நம் ஊரில் வயிற்று வலி என்றால் உடல் சூடு என்பதே முதல் முடிவு. தொப்புளிலும் கால் பெருவிரலிலும் விளக்கெண்ணெய் தடவி, மோரும் வெந்தயமும் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். விடியும்போது அந்த ஆறு மணி நேரம் போய்விடுகிறது.

சூட்டு வலிக்கு விளக்கெண்ணெய் தடவுவதை நாம் குறை கூறவில்லை. பதின்பருவப் பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால், ‘கீழே வலிக்கிறதா?’ என்று தந்தையோ தாய்மாமனோ தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதே நாம் கூறுவது. ஆம் என்றால் மாத்திரை தேடி அலைய வேண்டாம். காலை வரை காத்திருக்கவும் வேண்டாம். 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 வண்டியை அழைத்து, அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு நேரே கொண்டு செல்ல வேண்டும். விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. போகும் வழியில் உணவும் நீரும் கொடுக்காமலிருந்தால் மயக்க மருந்து கொடுப்பது எளிதாகும். ஒரு விதையை இழந்தாலும் மற்றது நலமாயிருந்தால் பிற்காலத்தில் குழந்தை பிறக்கத் தடையில்லை என்பதையும் பிள்ளையிடம் சொல்ல வேண்டும்.

மற்றவை சிலவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். பிறந்த ஆண்குழந்தையின் விதைப்பையில் இரு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று குளிப்பாட்டும்போது தொட்டுப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் இறங்காவிடில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்துவிடுவது நல்லது. விட்டுவிட்டால் பிற்காலத்தில் மலட்டுத்தன்மைக்கும் புற்றுநோய்க்கும் இடமுண்டு. பருவமடைந்த பின் பொன்னுக்கு வீங்கி கண்டவர்களில் சிலருக்கு விதையும் வீங்கும். அப்போது ஓய்வும் மருத்துவரின் கவனிப்பும் வேண்டும். வலியில்லாத கட்டி விதையில் தட்டுப்பட்டால், வலியில்லையே என்று விட்டுவிடக் கூடாது. இளைஞர்களுக்கு வரும் விதைப் புற்றுநோய் அவ்வாறே தொடங்குகிறது. ஆரம்பத்தில் கண்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். குடலிறக்கத்துக்கும் விரைவீக்கத்துக்கும் அறுவையே தீர்வு. கோவணத்தை இறுக்கிக் கட்டுவது தீர்வாகாது.

தூய்மை

தூய்மைக்கு வேண்டியது நீரும் சிறிது கவனமுமே. சிறு குழந்தைக்கு முன்தோல் முனையோடு ஒட்டியே இருக்கும். அதை வலிந்து பின்னே தள்ளக் கூடாது. வயது ஏற ஏறத் தானே விலகும். விலகத் தொடங்கியபின், குளிக்கும்போது மெதுவாகப் பின்னே தள்ளி, அங்கே படியும் வெண்ணிற அழுக்கை நீரால் கழுவி, முன்தோலை மறவாமல் பழையபடி முன்னே கொண்டுவர வேண்டும். பின்னேயே விட்டால் அது இறுகி முனை வீங்கும். அதுவும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய ஆபத்தே. முன்தோல் அகற்றப்பட்டவர்கள் சாதாரணமாகக் கழுவினால் போதும். சோப்பை மிகுதியாகத் தேய்த்தால் எரிச்சலே மிஞ்சும்.

தொடை இடுக்கில் வரும் படர்தாமரை நம் வெப்ப நாட்டில் வியர்வையோடு கூடவே வருவது. இது பூசணத்தால் உண்டாகும் தொற்று. ஆங்கிலேயர் இதற்கு ‘டோபி அரிப்பு’ என்று பெயரிட்டுப் பழியைச் சலவைத் தொழிலாளியின் மேல் சுமத்தினார்கள். குற்றம் ஈரத்தினுடையது, வெளுத்தவருடையது அன்று. இடுக்கை ஈரம்போகத் துடைப்பதும், உள்ளாடையைத் தினமும் துவைத்து வெயிலில் உலர்த்துவதும், ஒருவர் துண்டை மற்றொருவர் பயன்படுத்தாமலிருப்பதும் போதிய காப்பு. நம் மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் கூச்சத்தினால் உள்ளாடையை வேறு துணிக்கு அடியில் மறைத்துக் காயப் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நோய் கண்டபின் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்புகளில் பலவற்றில் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கிறது. அரிப்பு இரண்டு நாளில் அடங்கும்; படையோ முன்னிலும் அகலமாகப் பரவும். மருத்துவர் கூறும் மருந்தைக் கூறிய வாரங்கள் முழுவதும் பூசுவதே முறை.

பொடியும் நஞ்சும்

பட்டாசுத் தொழிலில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி ஆகியவை கலந்த மருந்தைத் தொழிலாளர் கையாளுகின்றனர். மாலையில் ஆலையிலிருந்து வருவோரின் கைகளிலும் ஆடைகளிலும் வெள்ளிப் பொடி மின்னுவதை நாம் காண்கிறோம். 18 வயது நிறையாதவர்களை வெடிபொருள் தொழிலில் அமர்த்துவதை 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் முற்றிலும் தடை செய்கிறது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-லேயே விரிவான தீர்ப்பு வழங்கியிருந்தது. எனவே நாம் கூறுவது 18 வயது நிரம்பி ஆலைக்குச் செல்லும் இளைஞர்களைப் பற்றி. அவர்கள் அறிய வேண்டிய முதல் பழக்கம், சிறுநீர் கழித்தபின் மட்டுமன்றி, கழிப்பதற்கு முன்னரும் கை கழுவுவது. மருந்து படிந்த கையே உறுப்பைத் தொடுகிறது.

இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இங்கிலாந்தில் புகைபோக்கிகளின் உள்ளே ஏறிக் கரியைச் சுரண்டச் சிறுவர்களைப் பயன்படுத்தினர். அவர்கள் வளர்ந்தபின் விதைப்பையில் புண் கண்டு இறந்தனர். அது ஒழுக்கக் கேட்டினால் வந்த மேகநோய் என்று எண்ணி அவர்களுக்குப் பாதரச மருந்து கொடுத்து வந்தனர். 1775-ல் லண்டன் புனித பார்த்தலோமியு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், அது விதைப்பையின் மடிப்புகளில் தங்கிய கரியினால் வந்த புற்றுநோய் என்று எழுதினார். தொழிலினால் புற்றுநோய் வருவதை முதன்முதலாக எடுத்துக் காட்டியது அதுவே. நூறாண்டுகளுக்கும் மேலாகியும் இங்கிலாந்தில் நோய் நின்றபாடில்லை. ஐரோப்பாவின் பிற நாடுகளிலோ அரிதாயிருந்தது. காரணம் என்னவென்று ஹென்றி பட்லின் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1892-ல் கூறினார்: அந்நாட்டுத் தொழிலாளர் உடலை மூடிய ஆடை அணிந்தனர், அன்றாடம் உடலைக் கழுவினர்.

சிவகாசியின் மருந்து லண்டனின் கரியன்று. அந்த நோய் இங்கும் வரும் என்று கூறுவது பொருந்தாது. மடிப்புள்ள, மெல்லிய தோலில் எந்தப் பொடியும் தங்கும் என்பதும், அதை நீக்க நீர் வேண்டும் என்பதுமே இதில் நமக்குள்ள பாடம்.

விவசாயிகளுக்கோ இது இன்னும் நெருங்கிய விஷயம். 1971-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் மெய்பாக் முதலிய ஆராய்ச்சியாளர்கள் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து உடலின் எப்பகுதித் தோல் வழியே எவ்வளவு உட்புகுகிறது என்று அளந்தனர். முன்கையில் தடவியதில் நூற்றுக்கு ஒன்பது பங்குக்கும் குறைவாகவே உட்சென்றது. விதைப்பையில் தடவியதோ ஏறக்குறைய முழுவதும் உட்சென்றது. முதுகில் சுமக்கும் தெளிப்பான் கசிந்து வேட்டி நனைந்தால், ‘தண்ணீர்தானே’ என்று அந்த வேட்டியோடேயே மாலைவரை நிற்பது எத்தகைய செயல் என்பதை இந்தக் கணக்கு காட்டும். 1977-ல் கலிபோர்னியாவில் நூற்புழுக்கொல்லி மருந்து செய்யும் ஆலையொன்றில் வேலை செய்தவர்கள், தங்களுள் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லையே என்று தமக்குள் பேசிக்கொண்டனர். சோதித்தபோது பலருக்கு விந்தணு குறைந்தும், சிலருக்கு அடியோடு இல்லாமலும் போயிருந்தது. டி.பி.சி.பி. என்ற அந்த மருந்தின் பெரும்பாலான உபயோகங்கள் 1979-ல் அங்கே நிறுத்தப்பட்டன. மருத்துவர்கள் அறியுமுன் அதை வெளிக்கொணர்ந்தது அத்தொழிலாளர்களின் பேச்சே.

பஞ்சாயத்து என்ன செய்யலாம்?

ஆலைகளில் தொழிலாளர் கழுவிக்கொள்ளப் போதிய வசதி இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு விதித்திருந்தது. மழை குறைந்த கரிசல் பூமியில் குடிநீருக்கே குடங்கள் வரிசையில் நிற்கும் காலம் உண்டு என்பதை அறிவோம். ஆயினும் தன் எல்லையிலுள்ள ஆலைகளில் குழாயும் சோப்பும் உண்டா, வேலை ஆடையை மாற்றி வைக்க இடம் உண்டா என்று பஞ்சாயத்து கேட்கலாம். குறை கண்டால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதலாம். ஊரிலுள்ள ஆண்கள் கழிப்பிடத்தின் வாசலில், உள்ளே போகுமுன் கை கழுவ ஒரு குழாய் வைப்பது பெருஞ்செலவன்று. 2005-ல் தொடங்கிய ஊரக சுகாதாரத் திட்டத்தில் கிராம சுகாதாரக் குழுவுக்கென ஆண்டுக்கு ரூ.10,000 வகுக்கப்பட்டது இத்தகைய சிறு பணிகளுக்கே.

பிள்ளைகளுக்குச் சொல்லும் பணியைக் கிராம சபையில் வைத்துக்கொள்வது உசிதமன்று. நூறு பேர் நடுவே எந்தப் பிள்ளையும் வாய் திறக்க மாட்டான். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஒரு மாலையில் பள்ளி அறையில் அமர்த்தி, சுகாதார ஆய்வாளரையோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ அழைத்துப் பேசச் செய்யலாம். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கென்றே 2014-ல் ஒரு தேசிய சுகாதாரத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்படி ஆலோசனை கேட்க ஆண்பிள்ளைகளுக்கும் உரிமையுண்டு. கேள்விகளைப் பெயரின்றித் துண்டுக் காகிதத்தில் எழுதிப் போடச் சொன்னால் பேச்சு எளிதில் நடக்கும். தம் உடலைத் தம் விருப்பமின்றித் தொட எவருக்கும் உரிமையில்லை என்பதையும், அவ்வாறு நேர்ந்தால் வீட்டாரிடமோ 1098 என்ற எண்ணிலோ சொல்லலாம் என்பதையும் அதே கூட்டத்தில் சொல்ல வேண்டும். 2012-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்பிள்ளைகளையும் காக்கிறது.

முதற் கூட்டத்துக்குத் தந்தையரையும் தாய்மாமன்மாரையும் தனியே அழைப்பது நலம். விதை முறுக்கு, ஆறு மணி நேரம், 108 ஆகிய மூன்றையும் அவர்களிடம் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குப் போகலாம்.